பழைய வீட்டுக் கூரை: ஷிங்கிள் போடுவதா, தகடு போடுவதா?

இலங்கை மலையகத்தில் பழைய வீட்டில் இருப்பவர்கள் கூரை ஒழுகத் தொடங்கியதும் கேட்கும் கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை, பதுளைப் பக்கத்து வீடுகளை மனதில் வைத்து எழுதியது. கொழும்பில் சரியாக வரும் கூரை இங்கே சரிவராமல் போவதற்குக் காரணங்கள் நிறைய உண்டு. குளிர், பனிமூட்டம், சரிவு, காற்று எல்லாமே வேறு.

ஷிங்கிள் என்று எதைச் சொல்கிறார்கள்? தகடு என்றால் பழைய தகரம்தானா?

இப்போது ஷிங்கிள் என்ற பெயரில் விற்பது தார் ஷிங்கிள். கண்ணாடி நாரில் செய்த பாய்க்குத் தார் ஏற்றி, மேலே நிறக் கல்துகள் தூவி, பட்டை பட்டையாக வெட்டி வருகிறது. நுவரெலியாவில் சில ஹோட்டல், விடுமுறை பங்களாக் கூரைகளில் மீன் செதில் மாதிரி அடுக்கடுக்காகத் தெரிவது இதுதான். இது தானாக நிற்காது. கீழே இடைவெளி இல்லாமல் பிளைவுட் தளம் அடித்து, அதன்மேல் நீர் புகாத விரிப்பு போட்டு, அப்புறம்தான் ஷிங்கிளை ஆணியடிக்க வேண்டும்.

பழைய தகரம் இரும்புக்குத் துத்தநாகம் பூசியது. இன்று கலர் சீட், அமானோ சீட் என்று கேட்டால் கடையில் தருவது பெரும்பாலும் துத்தநாகமும் அலுமினியமும் கலந்து பூசி, மேலே வர்ணம் ஏற்றிய இரும்புத் தகடு. அந்தப் பூச்சின் வழக்கமான கலவை 55 சதவீதம் அலுமினியம், 43.4 சதவீதம் துத்தநாகம், 1.6 சதவீதம் சிலிக்கன். பழைய தகரத்தைவிட மழைக்கு நன்றாகவே தாக்குப்பிடிக்கும்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், எது நல்லது?

மலையகத்தின் பெரும்பாலான பழைய வீடுகளுக்குத் தகடு. அதோடு கீழே ஒரு நல்ல சீலிங்கும் இரண்டுக்கும் நடுவே வெப்பத்தைத் தடுக்கும் விரிப்பும் வேண்டும்.

ஷிங்கிளை நான் ஒதுக்கவில்லை. கூரைச் சாய்வு நன்றாக இருந்து, மரம் முழுவதையும் புதிதாகப் போடுவதாக இருந்து, பிளைவுட் தளத்துக்கும் பணம் இருந்து, ஷிங்கிள் போட்டுப் பழகிய ஆளும் கிடைத்தால் அழகான, சத்தமில்லாத கூரை கிடைக்கும். இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் தகட்டுக்கே போங்கள்.

ஆனால் இரண்டில் எதை எடுத்தாலும், கீழே இருக்கிற மரமும் அந்த மரத்தைச் சுவரோடு பிடிக்கும் கட்டும் சரியில்லை என்றால் மேலே போட்ட காசு வீண். நிறத்தையும் மாதிரியையும் பார்த்து ஒரு வாரம் செலவழிக்கும் குடும்பங்கள் கைமரத்தை (முகட்டிலிருந்து சுவருக்குச் சாய்வாக இறங்கும் மரத்தை) ஒருமுறைகூட ஏறிப் பார்ப்பதில்லை. அதனால்தான் இந்தப் பக்கத்தில் மரத்தைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறேன்.

மரத்தை எப்படிப் பார்ப்பது? எங்களுக்குத் தெரியுமா?

தெரியும். ஒரு ஏணி, ஒரு டோர்ச், ஒரு பழைய ஸ்குரூ டிரைவர் போதும்.

முதலில் கைமரம் சுவரில் வந்து உட்காரும் இடத்துக்குப் போங்கள். பழைய வீட்டில் மரம் உக்குவது பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். கூரைத் தண்ணீர் ஓடும் பீலி வழிந்து, தண்ணீர் பின்பக்கமாக ஏறி, சுவர்மேல் கிடக்கும் வளைமரத்தை வருடக்கணக்காக நனைத்திருக்கும். மேலே வர்ணம் பளபளவென்று இருக்கும். ஸ்குரூ டிரைவரின் முனையை வைத்து அழுத்தினால் நனைந்த ரஸ்க்கில் இறங்குவதுபோல உள்ளே போகும். அரை அங்குலத்துக்கு மேல் இறங்கினால் அந்தத் துண்டை மாற்றியே ஆக வேண்டும். அடுத்தது புகைபோக்கியைச் சுற்றியுள்ள மரம். அப்புறம் இரண்டு கூரை சந்திக்கும் உள்மூலை.

குசினிப் பக்கம் மரம் கரிபிடித்துக் கறுப்பாக இருந்தால் உடனே பயப்பட வேண்டாம். விறகுப் புகை ஏறிய மரத்தைப் பூச்சி அவ்வளவாக அரிக்காது. கறுப்பைச் சுரண்டிவிட்டு அழுத்திப் பாருங்கள், பல வீடுகளில் உள்ளே உறுதியாகவே இருக்கும்.

கறையான் மண்கோடு சுவரிலிருந்து மரத்துக்கு ஏறுகிறதா என்று பாருங்கள். முகட்டுவளைக்கு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நூல் பிடித்துப் பார்த்தால் எவ்வளவு தொய்ந்திருக்கிறது என்பது கண்ணுக்கே தெரியும். தொய்வு இருந்தால் அதைத் தச்சரிடம் காட்டாமல் ஒரு சீட்கூட வாங்காதீர்கள்.

எடையில் எவ்வளவு வித்தியாசம்?

கூரைப் பரப்பு 70 சதுர மீற்றர் உள்ள ஒரு நடுத்தர வீட்டை எடுத்துக்கொள்வோம். கள்ளிக்கோட்டை ஓடு போட்டிருந்தால் ஓடு மட்டும் ஏறக்குறைய 3 தொன் இருக்கும். அஸ்பெஸ்டஸ் சீட் என்றால் ஒரு தொன் அளவில். தார் ஷிங்கிளும் அதற்குக் கீழே பிளைவுட்டும் சேர்ந்து ஒரு தொன்னுக்குச் சற்று மேலே போகும். 0.47 மில்லிமீற்றர் தகடு 300 கிலோவைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான்.

ஆக, தகரமோ மெல்லிய தகடோ இருந்த வீட்டில் ஷிங்கிள் போடுவது பழைய கைமரத்தின் தலையில் மூன்று நான்கு மடங்கு பாரத்தை ஏற்றுவது. ஓடு இருந்த வீட்டில் ஷிங்கிள் போட்டால் மரம் தாங்கும். அங்கே வேறொரு பிரச்சினை இருக்கிறது, அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

ஓட்டை எடுத்துவிட்டுத் தகடு போட்டால் பாரம் குறைகிறதே, நல்லதுதானே?

சுவருக்கு நல்லது. காற்றுக்கு ஆபத்து. மலையகத்தில் ஆனி, ஆடிக் காற்றில் கூரை பறந்த செய்தி வராத வருடம் இல்லை. அதில் பல வீடுகளில் பறந்துபோனது தகடு மட்டுமாக இருக்காது. தகடும் ரீப்பரும் (கைமரத்தின் குறுக்கே அடிக்கும் சட்டமும்) ஒன்றாகக் கழன்று போயிருக்கும்.

கணக்கைப் பாருங்கள். மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் வரும் காற்றின் அழுத்தம் ஒரு சதுர மீற்றரில் ஏறக்குறைய 48 கிலோ எடைக்குச் சமம். கூரையின் ஓரத்திலும் மூலையிலும் மேல்நோக்கி இழுக்கும் விசை இதைவிட அதிகமாகவே வரும். தகட்டின் சொந்த எடை அதே சதுர மீற்றரில் நாலரைக் கிலோ. 3 தொன் ஓடு இருந்தவரை கூரை தன் பாரத்தாலேயே உட்கார்ந்திருந்தது. பழைய பாஸ்மார் (வேலை செய்யும் தச்சர், மேசன்மார்) கைமரத்தைச் சுவர்வளையில் ஒரு ஆணியோடு விட்டது அந்த நம்பிக்கையில்தான். ஓட்டை இறக்கியதும் அந்த ஒற்றை ஆணிதான் மிச்சம்.

அதனால் தகடு மாற்றும்போது கைமரத்துக்குக் கைமரம் இரும்புப் பட்டி அடித்து வளையோடு பிடியுங்கள். வளையைச் சுவரோடு போல்ட் போட்டு இறுக்குங்கள். கல்லுச் சுவர் என்றால் இரண்டு மூன்று வரிசை கீழே வரை கம்பியை இறக்கிக் கட்டுங்கள், மேல் வரிசைக் கல்லில் மட்டும் பிடித்தால் அந்தக் கல்லும் சேர்ந்தே கிளம்பும். ரீப்பரை ஆணிக்குப் பதிலாக ஸ்குரூவால் கைமரத்தில் இறுக்குங்கள். வெளியே நீளும் இறவாரத்தை இரண்டு அடிக்கு மேல் விடாதீர்கள்.

தகரத்தின்மேல் கல், மணல் மூட்டை, பழைய டயர் ஏற்றி வைப்பது நம் பக்கத்து வழக்கம். தகரம் அசையும்போது கல் உரசிப் பூச்சைத் தேய்க்கும், டயருக்குள் தண்ணீர் நின்று நுளம்பு பெருகும், காற்று மிஞ்சினால் அந்தக் கல் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் தலையில் விழும். மேலே சொன்ன இரும்புப் பட்டிகளுக்கு ஆகும் செலவு பெரிதில்லை, தயவுசெய்து அதைச் செய்யுங்கள்.

கூரைச் சாய்வு குறைவு. ஷிங்கிள் போட முடியுமா?

ஒரு அடிப்பலகையைச் சமமாகப் பிடித்து அளந்து பாருங்கள். 12 அங்குலம் உள்ளே போகும்போது 4 அங்குலமாவது உயர வேண்டும், அதாவது 18 பாகைக்குச் சற்று மேல். அதற்குக் கீழே என்றால் அடிவிரிப்பை இரட்டையாகப் போட வேண்டும். 12க்கு 2க்கும் கீழே என்றால் ஷிங்கிளை மறந்துவிடுங்கள். பின்னால் இறக்கிக் கட்டிய குசினிகள் பெரும்பாலும் இந்தக் கணக்கில் தோற்றுப்போகும். நெளித் தகட்டுக்கு 10 பாகை இருந்தாலே சமாளிக்கலாம், ஆனால் சாய்வு குறையக் குறைய தகட்டுக்குத் தகடு ஏறும் அளவைக் கூட்டுங்கள்.

மழைச் சத்தம்? தகரத்துக்குக் கீழே பேசவே முடியாதே.

உண்மை. ஷிங்கிளின் பெரிய பலமே இதுதான். பிளைவுட்டும் தாரும் சேர்ந்து மழைச் சத்தத்தை விழுங்கிவிடும்.

தகட்டிலும் சத்தத்தை நன்றாகக் குறைக்கலாம். வெறும் அலுமினியப் போயில் மட்டும் போட்டால் சத்தம் அவ்வளவாகக் குறையாது. தகட்டின் அடிவயிற்றோடு ஒட்டி நிற்கும் 50 மில்லிமீற்றர் கண்ணாடிக் கம்பளி விரிப்பு போட்டு, கீழே இடைவெளி இல்லாத சீலிங் அடித்தால் பிள்ளைகள் படிக்கிற அறையில் நிம்மதியாக இருக்கலாம். எல்லா அறைக்கும் பணம் போதாது என்றால் படிக்கிற அறை, வயதானவர்கள் படுக்கிற அறை இரண்டுக்காவது செய்துவிடுங்கள்.

மழையே இல்லாத தை மாதத்தில் காலையில் கூரை சொட்டுகிறது. ஓட்டை எங்கே என்று தெரியவில்லை.

ஓட்டை இருக்காது. அது உங்கள் வீட்டுக்குள் இருந்த ஈரம்.

நுவரெலியாவில் தை, மாசி இரவுகளில் தரையில் உறைபனி விழும். வானம் தெளிவாக இருக்கும் அப்படிப்பட்ட இரவில் மெல்லிய தகடு சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகும். குசினியில் கொதிக்கும் தண்ணீர், உள்ளே காயும் துணி, ஆட்களின் மூச்சு எல்லாம் மேலே போய்த் தகட்டின் அடியில் நீராகப் படியும். பழைய தகரத்தில் ஆணிமுனை உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தை விடியற்காலையில் டோர்ச் அடித்துப் பாருங்கள். ஒவ்வொரு ஆணிமுனையிலும் ஒரு துளி தொங்கும், அதைச் சுற்றி மரத்தில் காசு அளவுக்குக் கறுப்பு வட்டம் இருக்கும். வெளியே எவ்வளவு தார் பூசினாலும் இந்தச் சொட்டு நிற்காது.

இதற்கு மருந்து மூன்று. தகட்டோடு ஒட்டிய வெப்பத்தடை விரிப்பு, சீலிங்குக்கு மேலே இறவாரத்திலிருந்து முகடு வரை காற்று ஓட வழி, குசினிப் புகையும் நீராவியும் நேராக வெளியே போகும் ஒரு பாதை. ஷிங்கிளுக்கும் காற்றோட்டம் கட்டாயம். அது இல்லாவிட்டால் பிளைவுட் உள்ளிருந்து நனைந்து, வெளியே ஒன்றும் தெரியாமலேயே உப்பிவிடும்.

ஹட்டனுக்கும் பண்டாரவளைக்கும் ஒரே பதில்தானா?

இல்லை. வட்டவளை, கினிகத்தேனை, நோர்வூட் பக்கம் தென்மேற்குப் பருவமழையை முகத்தில் வாங்கும் சரிவு. வைகாசியிலிருந்து புரட்டாதி வரை கூரை காய நேரமே இருக்காது. அங்கே ஷிங்கிளில் பாசி பிடிக்கும், பாசியின் வேர் துகளைத் தளர்த்தும், பிளைவுட்டின் ஓரம் ஈரம் குடிக்கும். அந்தப் பக்கத்துக்குத் தகடு என்று தயங்காமல் சொல்வேன்.

பண்டாரவளை, வெலிமடை, பதுளைப் பக்கம் தென்மேற்கு மழைக்கு மலையின் மறைவில் இருக்கிறது. பெரிய மழை ஐப்பசியிலிருந்து தை வரை. நடுவில் நல்ல வெயில் கிடைக்கும். ஷிங்கிள் போட ஆசைப்படுபவர்களுக்கு மலையகத்தில் பொருத்தமான இடம் இந்தப் பக்கம்தான். ஆனால் ஆனி, ஆடியில் அங்கே வரட்டுக் காற்று பலமாக அடிக்கும், அதை மறக்கக் கூடாது.

ஷிங்கிள் போட்டால் காற்றில் உரியாதா?

சரியாகப் போட்டால் உரியாது. ஒவ்வொரு பட்டையின் அடியிலும் ஒரு பசைக்கோடு இருக்கும். வெயில் சூட்டில் அது இளகி, கீழே உள்ள பட்டையோடு ஒட்டிக்கொள்ளும். வெயில் இல்லாத குளிரில், பனிமூட்டத்தில் போட்டால் அது ஒட்டாமலே கிடக்கும். முதல் காற்றுக்குப் பட்டை நிமிரும், ஒருமுறை நிமிர்ந்து தூசு படிந்துவிட்டால் அப்புறம் ஒட்டாது.

நுவரெலியா போன்ற இடத்தில் ஒவ்வொரு பட்டைக்கும் கையால் தார்ப் பசை வைத்து ஒட்டச் சொல்லுங்கள். ஒரு பட்டைக்கு வழக்கமாக அடிக்கும் 4 ஆணிக்குப் பதில் 6 அடிக்கச் சொல்லுங்கள். இதைக் கேட்டதும் முகம் சுளிக்கும் ஆளிடம் வேலையைக் கொடுக்க வேண்டாம். மிஞ்சும் ஷிங்கிளில் இரண்டு கட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். நான்கு வருடம் கழித்து அதே நிறம் கிடைக்கும் என்பது நிச்சயமில்லை.

கடையில் தகடு வாங்கும்போது என்ன கேட்க வேண்டும்?

தடிப்பு முதலில். 0.47 மில்லிமீற்றர் கேளுங்கள். அதைவிட மெல்லியது காற்றில் படபடக்கும், ஸ்குரூவைச் சுற்றிக் கிழியும், ஆள் ஏறி நடந்தால் பள்ளம் விழும். தடிப்பைச் சொல்லும்போது வர்ணத்தோடு சேர்த்தா, வெறும் இரும்பா என்பதையும் கேளுங்கள், ஏனென்றால் இரண்டும் ஒன்றில்லை.

அடுத்தது பூச்சின் அளவு. ஒரு சதுர மீற்றருக்கு 150 கிராம் பூச்சு உள்ளதை எடுங்கள். ஈரமான மலையில் தகட்டின் ஆயுளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்த எண்தான். வர்ணம் அதற்கு அடுத்தது. இந்த விவரம் தகட்டின் ஓரத்திலோ பில்லிலோ இல்லாத சீட்டை விலை மலிவு என்பதற்காக வாங்காதீர்கள்.

நீளத்தை முகட்டிலிருந்து இறவாரம் வரை ஒரே துண்டாக வெட்டித் தரச் சொல்லுங்கள். குறுக்கே இணைப்பு வராது. ஆனால் லொறி போகாத தோட்டப் பாதையில் 20 அடித் தகட்டை நான்கு பேர் தோளில் தூக்கி வளைவில் திரும்ப முடியுமா என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

பாஸ் வேலை செய்யும்போது எதைக் கவனிப்பது?

பழைய தகரத்துக்கு ஆணி அடித்தார்கள். 20 அடித் தகடு இரவுக் குளிருக்கும் பகல் வெயிலுக்கும் இடையே 40 பாகை மாறினால் நீளத்தில் ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் நீண்டு சுருங்கும். மாலையில் கூரை டிக் டிக் என்று கேட்பது அதுதான். ஒவ்வொரு நாளும் இப்படி இழுபட்டு ஆணி மேலே வந்துவிடும். ஆகவே ரப்பர் வொஷர் வைத்த ஸ்குரூதான். நெளித் தகட்டில் மேட்டில் போட வேண்டும், பள்ளத்தில் போடக் கூடாது, தண்ணீர் ஓடுவது பள்ளத்தில். வொஷர் மெதுவாக அமுங்கும் அளவுக்கு மட்டும் இறுக்க வேண்டும். பிதுங்கி வெளியே வந்தால் அந்த ரப்பர் சீக்கிரம் வெடித்துவிடும்.

கிரைண்டரால் தகடு வெட்ட விடாதீர்கள். தெறிக்கும் சூடான பொறி பூச்சைச் சுட்டுவிடும், ஒரு மழைக்குப் பின் கூரை முழுக்கத் துருப்புள்ளி தெரியும். கத்தரியால் வெட்டச் சொல்லுங்கள். அடையாளம் போடப் பென்சில் வேண்டாம், பென்சில் கோட்டின் வழியே இந்தப் பூச்சு அரிக்கும். மார்க்கர் பேனா கொடுங்கள். மாலையில் கூரையைக் கூட்டி இரும்புத்தூளை இறக்கிவிட வேண்டும்.

முகட்டையும் சுவர் சேரும் இடத்தையும் சீமெந்து குழைத்து அடைப்பது நம் மேசன்மாரின் பழக்கம். இந்தத் தகட்டில் ஈரச் சீமெந்து படக்கூடாது, காரம் பூச்சைத் தின்றுவிடும். முகட்டுத் தகடும் ரப்பர் அடைப்பும் சிலிக்கன் பசையும்தான் போட வேண்டும். ஈயத் தகடோ செப்புக் கம்பியோ இதன்மேல் தொடவும் கூடாது.

பழைய பங்களாவில் புகைபோக்கி இருக்கிறது. எப்போதும் அங்கேதான் ஒழுகும்.

ஷிங்கிள் மாற்றினாலும் தகடு மாற்றினாலும் அங்கே ஒழுகும், சுற்றுத்தகட்டைச் சரியாக வைக்காவிட்டால். புகைபோக்கியின் மேல்பக்கம் தண்ணீர் வந்து மோதி நிற்காமல் இரண்டு பக்கமும் பிரிந்து ஓட ஒரு சின்ன முதுகுக் கூரை கட்ட வேண்டும். சுற்றுத்தகட்டின் மேல்விளிம்பைச் செங்கல் இடுக்கில் ஒரு அங்குலம் வெட்டி உள்ளே சொருக வேண்டும், மேலே ஒட்டி விடுவதில் பயனில்லை. புகைபோக்கி இப்போது பாவனையில் இல்லை, வீட்டின் அழகுக்கும் வேண்டாம் என்றால் கூரை மட்டத்துக்குக் கீழே இறக்கிவிடுவது பற்றியும் யோசியுங்கள்.

இப்போது இருப்பது அஸ்பெஸ்டஸ். கழற்றலாமா?

கழற்றலாம். உடைக்கக் கூடாது. எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உலக சுகாதார அமைப்பின் முடிவு. முழுச் சீட்டாகக் கூரையில் இருக்கும்வரை ஆபத்து குறைவு. வெட்டும்போது, துளைக்கும்போது, கம்பித் தூரிகையால் பாசி தேய்க்கும்போது பறக்கும் நார்தான் நுரையீரலுக்குள் போகிறது.

சீட்டை நன்றாகத் தண்ணீரால் நனையுங்கள். ஆணியைச் சுத்தியலால் பிடுங்காமல் வெட்டி எடுங்கள். முழுச் சீட்டாக இறக்குங்கள், மேலிருந்து போடாதீர்கள். முகமூடி துணியில் வேண்டாம், மருந்துக்கடையில் கிடைக்கும் என் 95 போடுங்கள். பிள்ளைகளை அன்று வீட்டில் வைத்திருக்க வேண்டாம். உடைந்த துண்டைப் பாதைக் குழிக்குப் போட்டு வாகனம் ஏற விடுவது மோசமான வேலை, பிளாஸ்டிக்கில் சுற்றி எங்கே போடுவது என்று பிரதேச சபையில் கேளுங்கள்.

அஸ்பெஸ்டஸை 2024க்குள் முழுதாக நிறுத்துவதாக இலங்கை ஒருமுறை அறிவித்தது. 2017 டிசம்பரில், நமக்கு அஸ்பெஸ்டஸ் விற்றுவந்த ரஷ்யா ஒரு தேயிலைப் பொதியில் வண்டு கண்டதாகச் சொல்லி நம் தேயிலையை நிறுத்தியது. அஸ்பெஸ்டஸ் கட்டுப்பாட்டை இங்கே தளர்த்திய அதே மாதத்திலேயே அந்தத் தடையும் போனது. கொழுந்து பறித்த கைகளின் உழைப்பும் அவர்கள் தலைக்குமேல் இருந்த கூரையும் ஒரே பேரத்தில் வந்து நின்றதை நினைத்தால் இன்றும் மனது கஷ்டப்படுகிறது.

பழைய தகரத்தின் மேலேயே புதுத் தகடு போடலாமா?

வேண்டாம். இரண்டுக்கும் நடுவே ஈரம் நின்று இரண்டையும் துருப்பிடிக்க வைக்கும். மரத்தைப் பார்க்கும் வாய்ப்பும் போய்விடும். ஷிங்கிளைப் பழைய தகரத்தின்மேல் ஒட்டுவது என்ற பேச்சே வேண்டாம்.

லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) எங்கள் காம்பராவுக்கு (எங்கள் குடும்பத்தின் பகுதிக்கு) மட்டும் மாற்ற முடியுமா?

முதலில் அனுமதி. லயம் தோட்டத்துச் சொத்தாக இருக்கும்வரை நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். கூரை மாற்ற உதவி ஏதும் வருகிறதா என்று தொழிற்சங்கத் தலைவரிடமும் விசாரியுங்கள்.

வேலை என்று வந்தால் கஷ்டம் இணைப்பில்தான். உங்கள் புதுத் தகட்டின் நெளி பக்கத்துக் காம்பராவின் பழைய தகர நெளியோடு பொருந்தாது. அந்தக் கோட்டில்தான் இரண்டு வீட்டுக்கும் ஒழுகும், சண்டையும் வரும். நெளி அளவைக் கடைக்குக் கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள், பக்கத்து வீட்டுக்குள் ஒன்றரை நெளி ஏறும்படி போடுங்கள். அதோடு, புதுத் தகட்டுத் தண்ணீர் கீழே பழைய தகரத்தில் விழும்படி விடாதீர்கள். வர்ணத் தகட்டில் ஓடி வரும் தண்ணீர் பழைய துத்தநாகப் பூச்சை வேகமாக அரிக்கும். முடிந்தால் நான்கு ஐந்து குடும்பம் சேர்ந்து ஒரே நேரத்தில் செய்வதுதான் எல்லா வகையிலும் நல்லது.

இன்னொன்றையும் சேர்த்துச் செய்யுங்கள். பல லயங்களில் நடுச்சுவர் கூரை வரை போவதில்லை. ஒரு காம்பராவில் வயர் பற்றினால் சீலிங்குக்கு மேலே நெருப்பு வரிசை முழுக்க ஓடும். கூரை திறந்திருக்கும் அந்த நாளில் நடுச்சுவரைத் தகடு வரை கல்லால் உயர்த்திவிடுங்கள்.

ஓடு நன்றாகத்தான் இருக்கிறது. மாற்றத்தான் வேண்டுமா?

வேண்டாம். சாய்வு 25 பாகைக்கு மேல் இருந்து, உடைந்தது நூற்றுக்குப் பத்துக்குள் என்றால் ஓட்டை இறக்கி, ரீப்பரை மாற்றி, அடியில் நீர் புகாத விரிப்பு போட்டு அதே ஓட்டை மறுபடி ஏற்றுங்கள். பழைய வீடு உடைப்பவர்களிடம் மாற்று ஓடு கிடைக்கும். ஆனால் குரங்கு கூட்டமாக வரும் இடம் என்றால் ஓட்டோடு வருடா வருடம் மல்லுக்கட்ட வேண்டும். குரங்கு ஷிங்கிளின் ஓரத்தையும் பிய்க்கும். தகட்டில் சத்தம் மட்டும் போடும்.

தகடு இடியை இழுக்குமா?

இழுக்காது. மின்னல் உயரத்தையும் இடத்தையும் பார்த்து விழும். மலை முகட்டில் தனியாக நிற்கும் வீடு என்றால் எந்தக் கூரைக்கும் இடிதாங்கி வேண்டும். பங்குனி, சித்திரை, ஐப்பசி மாலைகளில் இடி அதிகம், அந்த நேரம் யாரும் கூரையில் நிற்க வேண்டாம்.

மலையகத்தில் தகரம் எப்படி இவ்வளவு பரவியது?

கோப்பிக் காலத்தில் மானாப்புல் வேய்ந்தார்கள், சில பங்களாக்களுக்கு மரத்தைச் சீவிய ஷிங்கிள் போட்டார்கள். நெளித் தகரத்துக்கு 1829ல் லண்டனில் ஹென்றி ரொபின்சன் பாமர் காப்புரிமை பெற்றிருந்தார். ரயில் 1867ல் கண்டிக்கும் 1885ல் நானுஓயாவுக்கும் வந்தது. ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி, உடையாமல், குறைந்த இடத்தில் மலை ஏற்றக்கூடிய கூரை அதுதான். செலவு குறைவு என்பதால் லயத்துக்குப் போட்டார்கள். குளிரும் சத்தமும் தொழிலாளி தாங்க வேண்டியதானது. தகட்டுக்குக் கீழே சீலிங்கும் விரிப்பும் கட்டாயம் வேண்டும் என்று நான் திரும்பத் திரும்ப எழுதுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கூரைத் தண்ணீரை எங்கே விடுவது?

20க்கு 30 அடி வீட்டின்மேல் ஒரு நாளில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் 5,500 லீற்றர் தண்ணீர் இறங்கும். புதுத் தகட்டில் அது பழைய பாசி பிடித்த கூரையைவிட வேகமாக வரும். பழைய சின்னப் பீலி அதைத் தாங்காது, அகலமானதாக மாற்றி இறக்கு குழாயைக் கூட்டுங்கள்.

அந்தத் தண்ணீரை வீட்டுக்குப் பின்னால் வெட்டிய மண்சுவரின் மேலேயோ, கீழே இருப்பவரின் சரிவிலேயோ விட வேண்டாம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்களில் எத்தனை சரிவு இறங்கியது என்று பார்த்தோம். சீமெந்துக் கானில் வாங்கி, இயற்கையாகத் தண்ணீர் ஓடும் ஓடை வரை கொண்டுபோங்கள். நிலத்திலோ சுவரிலோ புது வெடிப்பு தெரிந்தால் கூரை வேலையை நிறுத்திவிட்டு, கிராம உத்தியோகத்தர் வழியாகத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அறிவியுங்கள். மழைநீரைச் சேமித்துக் குடிக்க நினைப்பவர்களுக்கு வர்ணத் தகடு ஷிங்கிளைவிட நல்லது, ஆனால் முதல் மழையை வெளியே விட்டுவிட வேண்டும்.

பணம் குறைவு. எதைக் குறைக்கலாம்?

நிறத்தில், மாதிரியில், அலங்கார இறவாரப் பலகையில் குறையுங்கள். எல்லா அறைக்கும் சீலிங் ஒரே வருடத்தில் வேண்டாம், அடுத்த வருடம் போடலாம். விரிப்பை மட்டும் தகடு போடும் நாளிலேயே போட்டுவிட வேண்டும், அப்புறம் போட வழியில்லை. தகட்டின் தடிப்பிலும் ஸ்குரூவிலும் கைமரப் பட்டியிலும் ஒரு ரூபாய்கூடக் குறைக்காதீர்கள். முழுக் கூரைக்கும் மெல்லிய தகடு போடுவதைவிட, இந்த வருடம் பாதிக் கூரைக்கு நல்ல தகடு போடுவது மேல்.

எந்த மாதத்தில் வேலை தொடங்குவது?

ஹட்டன், நுவரெலியாப் பக்கம் தை கடைசியிலிருந்து பங்குனி நடு வரை. பண்டாரவளை, பதுளை உள்ள ஊவாப் பக்கம் மாசியும் பங்குனியும் நல்லது. ஆனி, ஆடியில் அங்கே மழை குறைவு என்றாலும் காற்றில் 20 அடித் தகட்டைப் பிடித்துக்கொண்டு கூரையில் நிற்பது ஆளையே தூக்கிவிடும். சித்திரைப் புத்தாண்டுக்கு முன் முடித்துவிட வேண்டும் என்று எல்லோரும் அவசரப்படுவதால் பங்குனியில் பாஸ் கிடைப்பது கஷ்டம், மார்கழியிலேயே பேசி முற்பணம் கொடுத்து நாள் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் முழுக் கூரையையும் திறக்க விட வேண்டாம், மாலைக்குள் மூடக்கூடிய அளவுக்கு மட்டும் திறக்கச் சொல்லுங்கள். திறக்கும் பகுதியை முழுவதும் மூடக்கூடிய தார்ப்பாயும் கயிறும் வேலை தொடங்கும் முன்பே வீட்டில் இருக்க வேண்டும்.